கேட்டது கிடைக்காத ஒரு கேள்வி

"கோட் ஓடல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு, ஏன் யாருமே பதில் போடலன்னு கோபப்பட்ட காலம் எனக்கும் உண்டு. அப்புறம் பழைய யூஸ்நெட் பதிவுகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி கண்ணில் பட்டது.

1991 ஜூலை 3. வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பு, இணைய விவாதங்கள் யூஸ்நெட் குழுக்களில்தான் நடந்தன. அதில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான குழுவில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்கிறார்: மினிக்ஸில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு போசிக்ஸ் விதிகள் தேவை, கணினியில் படிக்கும் வடிவில் இருந்தால் நல்லது, எஃப்டிபி தளம் தெரிந்தால் சொல்லுங்கள். கேட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21.

எதற்காகக் கேட்கிறார், சரியாக என்ன வேண்டும், எந்த வடிவில் வேண்டும். மூன்றும் இரண்டு மூன்று வரியில் வந்துவிட்டது.

ஆனா பாருங்க, கேட்டது கிடைக்கல! போசிக்ஸ் ஆவணத்தை அப்போ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இருந்த சன் யுனிக்ஸ் கையேடுகளை வைத்து அவர் சமாளித்துக்கொண்டார்.

கேள்வி வீணாகவில்லை. போசிக்ஸ் விதிகளைத் தேடுகிற ஆள் என்ன எழுதிக்கொண்டிருப்பார் என்று விஷயம் தெரிந்தவர்களால் ஊகிக்க முடியும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆரி லெம்கே அதைப் படித்துவிட்டுத் தொடர்பு கொண்டார். எஃப்டிபி சர்வரில் இடம் தருவதாகச் சொன்னார். லினஸ் மனதில் வைத்திருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. லெம்கேவுக்கு அது பிடிக்காமல், கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதே பெயர்தான் இன்றுவரை.

ஆகஸ்ட் 25-ல் லினஸ் மறுபடி கேட்டார்: மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது? கூடவே தன் நிலைமையையும் மறைக்காமல் சொன்னார். பொழுதுபோக்காகத்தான் செய்கிறேன், பாஷும் ஜிசிசியும் ஓடுகின்றன, தன்னிடம் இருக்கும் ஏடி ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதிலும் ஓடாமலே போகலாம். செப்டம்பரில் 0.01 பதிப்பு அந்த சர்வரில் ஏறியது.

நான் கேள்வி கேட்டபோதெல்லாம், சிரிப்பாங்களோ என்று பயந்து என்ன செய்கிறேன் என்பதையே மறைத்துவிடுவேன். கோட் மட்டும் ஒட்டுவேன். லெம்கே மாதிரி ஒருத்தர் அன்றைக்கு என் கேள்வியைப் படித்திருந்தாலும், உதவ அதில் ஒன்றுமே இருந்திருக்காது.