மஞ்சள் துணி விழவில்லை

1978 ஆகஸ்ட் 12 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் நடந்தது அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்று. (காலுக்கு அதில் வேலை குறைவு; பெயர் அப்படி.) பருவம் தொடங்குமுன் ஆடப்படும், புள்ளிப்பட்டியலில் சேராத ஆட்டம் அது. தன்னை நோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிக்கக் கைகளை நீட்டிப் பாய்ந்தார் நியூ இங்கிலாந்து அணியின் டேரில் ஸ்டிங்லி. பந்து எட்டவில்லை. எதிரே விரைந்து வந்த ஓக்லாந்தின் ஜாக் டேட்டம் அவர்மீது மோதினார். கழுத்தில் முதுகெலும்பு முறிந்தது. 26 வயதில் முடங்கிய ஸ்டிங்லி, 2007இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார்.

விதிமீறலைக் குறிக்க நடுவர் வீசும் மஞ்சள் துணி அன்று விழவில்லை. அன்றைய விதிப்படி அம்மோதல் குற்றமன்று. வன்முறையை ரசிப்பவர்கள் குருதி வேட்கை கொண்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவில் இருவர் அடித்துக்கொண்டால் முகம் சுளித்து விலகுகிறவர்தாம், அரங்கில் அதே விசையோடு இரு உடல்கள் மோதும்போது எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறார். அவரை ஈர்ப்பது விதி அனுமதித்த அபாயம். அதைக் கண்டு மகிழ்வதில் அவருக்குக் குற்றவுணர்வு தேவைப்படுவதில்லை. டேட்டம் 1980இல் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பே, தம்மைக் கொலையாளி என்று பிறர் அழைப்பதைப் பெருமையோடு சொல்வதுதான்.

இதன் முன்கதை விசித்திரமானது. 1905இல் கல்லூரி ஆட்டங்களில் மாணவர்கள் இறந்தபோது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். நெருக்கியடித்து மோதும் கும்பலைக் கலைக்கவே, 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி பிறந்தது. உயிர்காக்க வந்த அவ்விதியே, விண்ணைப் பார்த்தபடி, தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் நீண்டு நிற்கும் உடலையும் உருவாக்கிற்று. 1960களில் எட் சேபலின் படப்பிடிப்புக் குழு அவ்வுடலை ஸ்லோமோஷனில் காட்டி, வாத்திய இசையும் சேர்த்தது. வலி நடனமாயிற்று!

2002இல் இறந்த மைக் வெப்ஸ்டரின் மூளையை மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்த பின்னர், காயத்தின் கணக்கு வேறாயிற்று, விதிகளும் இறுகின.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில், பஃபலோ அணியின் டாமர் ஹாம்லின் மோதலுக்குப்பின் இதயம் நின்று சாய்ந்தார். அப்போதும் விதிமீறல் இல்லை. ஆனால் அரங்கு உறைந்தது, ஆட்டம் கைவிடப்பட்டது. ஹாம்லின் பிழைத்தார். ஆறாம் நாள், பஃபலோவின் சொந்த அரங்கில் மீண்டும் ஆட்டம். தொடக்க உதையைப் பிடித்த பஃபலோ வீரர் மறுகோடிவரை ஓடிச் சேர்க்க, கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிரணி, நியூ இங்கிலாந்து.