வெளிவருமுன் ஒரு வெள்ளோட்டம்

உங்கள் ஊர் கணியம்பாடி என்று வைத்துக்கொள்வோம். வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைக்கு அருகே உள்ள இவ்வூரின் வழியாகச் சித்தூர்–கடலூர் நெடுஞ்சாலை செல்கிறது. அச்சாலையின் வடகோடியில், சித்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெலுங்கில் செய்தி அனுப்புகிறார். செய்தி வந்ததும் உங்கள் கைப்பேசியின் செய்திச் செயலி மூடிக்கொள்கிறது. திறந்தால் மறுபடியும் மூடிக்கொள்கிறது!

நண்பர் கற்பனை, நிகழ்ச்சி உண்மை. 2018 பிப்ரவரியில் ஐபோன் வைத்திருந்த பலருக்கு இது நேர்ந்தது. 'ஜ', 'ஞ' இரண்டும் கூடிய தெலுங்குக் கூட்டெழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிரிப்புக் குறி நுழைந்துவிட்டால், அந்த எழுத்தை வரைய முடியாமல் கைப்பேசியின் இயக்க முறைமை தடுமாறியது. அம்மாதம் 19ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் 11.2.6 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்பே, சோதனைக்காக விடப்பட்டிருந்த 11.3இன் முன்னோட்டப் பதிப்பில் இக்குறை இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

முன்னோட்டப் பதிப்பு என்பது என்ன? புதிய நெல் ரகத்தை வெளியிடுமுன் உழவர் வயல்களில் விதைத்துப் பார்ப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆய்வுப் பண்ணையில் தெரியாத குறை அங்கே தெரியும். கணிப்பொறித் துறையிலும் இவ்வழக்கம் பழையதே. 1950களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறிகளுக்கு 'ஏ' சோதனை, 'பி' சோதனை என்று வகுத்திருந்தது. இன்று ஆல்ஃபா, பீட்டா என்று வழங்குகிறோம். ஆல்ஃபா பெரும்பாலும் நிறுவனத்துக்குள் நடப்பது. பீட்டா வெளியாரிடம் தரப்படுவது. 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ, அரைகுறையாக இருந்தபோதே அதை ஊரறியத் திறந்துவிட்டார்!

சோதிப்பவர் எழுதாத மொழியின் குறை சோதனையில் அகப்படுவது அரிது. தமிழ் எழுத்துகளை முறையாகக் கையாளும் வசதி விண்டோசுக்கு 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டும்; ஆனால் நினைவகத்தில் மெய்க்குப் பின்னரே பதிவாகும். இத்தகைய நுட்பங்களைத் தமிழ் எழுதுபவரே சோதித்துச் சொல்ல இயலும்.

சொன்னால் மட்டும் போதுமா? மைக்ரோசாஃப்ட் 2014இல் பொதுமக்களுக்கான சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டு, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது. ஆவணக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருந்த சிலருக்கு, பழைய இடத்தில் எஞ்சியிருந்த கோப்புகள் அழிந்துபோயின. திருமணப் படங்களோ, கடைக் கணக்கோ அங்கே இருந்திருந்தால்? இதில் வருந்தத்தக்கது, சோதனையாளர் சிலர் பல வாரங்களுக்கு முன்பே இதைத் தெரிவித்திருந்தனர் என்பதுதான். அவர்களை ஆதரித்து வாக்களித்தவர் சிலரே ஆதலால், அந்த முறையீடுகள் ஆயிரக்கணக்கானவற்றுக்குள் புதைந்துவிட்டன. எண்ணிக்கையைக் கொண்டு அபாயத்தை அளந்தது பெரும் பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் முறையீட்டுப் படிவத்தில், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிக்க இடம் தரப்பட்டது. நீங்கள் முன்னோட்டப் பதிப்பை நிறுவிப் பார்ப்பதானால், முதலில் கோப்புகளை வேறொரு கருவியில் படியெடுத்து வையுங்கள். பிறகு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். கொம்பு இடம் மாறி நின்றால், படம் எடுத்து அனுப்புங்கள்.