முதியோர் காப்பும் ஊர் எல்லையும்

முதுமை எல்லா ஊர்களுக்கும் பொது. முதியோரைப் பேணும் வசதியோ எல்லா ஊர்களிலும் ஒத்த அளவில் அமைவதில்லை. இவ்வேற்றுமை தோன்றும் வகையை இங்கிலாந்தின் வரலாறு நன்கு விளக்குகிறது.

எலிசபெத் அரசியாரின் ஆட்சியில், 1601ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம், உழைக்க இயலாத முதியோரைக் காக்கும் கடமையைப் பாரிஷ் எனப்படும் தேவாலய வட்டாரங்களிடம் ஒப்படைத்தது. அவ்வவ் வட்டாரத்துச் சொத்துடையோர் செலுத்திய வரியே அதற்குரிய நிதியாகும். ஏற்பாடு நல்லதே, ஆயினும் அதனுள் ஓர் அநீதி மறைந்திருந்தது. செல்வர் வாழ்ந்த வட்டாரத்தில் ஏழையரும் குறைவு; வரியும் குறைவு. வறியோர் நிறைந்த வட்டாரத்திலோ வரிச்சுமை மிகுதி. போதாக்குறைக்கு, பிழைப்புத் தேடி வந்தவர் தங்களுக்குச் சுமையாவார் என அஞ்சினால் அவரைச் சொந்த வட்டாரத்துக்கே திருப்பியனுப்பவும் 1662ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

1834இல் வட்டாரங்கள் பல ஒன்றியங்களாக இணைக்கப்பட்டன. ஒன்றியந்தோறும் ஏழையர் விடுதிகள் எழுந்தன. விடுதி பொதுவாயிற்று, ஏழையரைப் பேணும் செலவு பொதுவாகவில்லை. அச்செலவை ஒன்றியம் முழுவதும் பகிர்ந்துகொள்ளுமாறு செய்தது 1865ஆம் ஆண்டுச் சட்டமே. ஈராண்டு கழித்து, செலவுகள் சிலவற்றை ஏற்க இலண்டன் நகர் முழுமைக்கும் ஒரு பொது நிதி ஏற்பட்டது.

1909 சனவரி முதல் நாள், வருவாய் குன்றிய எழுபது வயதினர்க்கு வாரம் 5 சில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கப்படலாயிற்று. அதனை ஈந்தது நாட்டின் கருவூலம். ஆதலின் ஊரின் வறுமை அதற்குத் தடையாகவில்லை. ஏனைய உதவிகளுக்கோ பழைய நிலையே நீடித்தது. 1921இல் கிழக்கு இலண்டனின் ஏழைப் பகுதியான பாப்லரின் நகரமன்றத்தார், இச்சுமையின் ஏற்றத்தாழ்வை எதிர்த்து, இலண்டனின் பொது அமைப்புகளுக்குரிய வரியைத் தண்ட மறுத்தனர். முப்பதின்மர் சிறை புகுந்தனர். அவ்வாண்டிலேயே சுமையைப் பகிர வழிசெய்யும் சட்டம் பிறந்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டம், முதியோர்க்கு உறைவிடம் அளிப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. எனினும் பழைய ஏழையர் விடுதிகள் பல முதியோர் இல்லங்களாக நீடித்ததைப் பீட்டர் டவுன்சென்ட் 1962இல் வெளியிட்ட ஆய்வு நூல் எடுத்துக்காட்டியது. சட்டம் மாறிய விரைவில் கட்டடங்கள் மாறவில்லை.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே. ஊர்தோறும் இல்லம் வேண்டும் என ஆணையிடுதல் எளிது; அதன் செலவை யார் பகிர்வது என்பதிலேதான் நீதி அடங்கியிருக்கிறது. ஏழை ஊரில் முதுமையடைந்தது ஒருவர் செய்த குற்றம் அன்று.