சீட்டுக் குறியும் இனாமும்

விருந்துக்குப் பாட்டுக்காரரை அமர்த்துவது போல், 'டாரோ' சீட்டு விரித்துக் குறி சொல்வோரையும் மணிக் கணக்கில் அமர்த்துதல் மேனாடுகளில் வழக்கம். பேசிய கூலிக்கு மேல் அவர்களுக்கு இனாமும் தர வேண்டுமா என்பது அங்கே ஒரு விவாதம். அதன் பூர்வ சரித்திரம் அறியத்தக்கது.

இச்சீட்டுகள் குறி பார்க்கப் பிறந்தவையல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்காய் ஆடிய விளையாட்டுச் சீட்டுகளே அவை. பழைய குறிப்புகளுள் ஒன்று, 1442-இல் பெராரா அரண்மனைக் கணக்கில், சீட்டெழுதிய ஓவியனுக்குப் பணம் கொடுத்த பதிவாகும். 1781-இல் கூர் தெ ஜெபலன் என்னும் பிரெஞ்சுக்காரர், இவை எகிப்திய ஞானிகளின் மறைநூல் என்று எழுதிவிட்டார். எகிப்தியரின் சித்திர எழுத்துக்கு வழி திறந்ததோ 1822-இல்! படிக்கத் தெரியாத எழுத்துக்குப் பொருளுரைத்த துணிவை என்னென்பது? ஆயினும் அக்காலத்திலேயே 'எத்தேயா' என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர், சீட்டுப் பலன் சொல்வதையும் கற்பிப்பதையும் தொழிலாக்கிக்கொண்டார்.

இங்கிலாந்தில் 1824-ஆம் வருஷத்து நாடோடிச் சட்டம், குறி சொல்லி ஏய்ப்போரைச் சிறையிலிட வகை செய்தது. அங்கே ஜிப்ஸிப் பெண்டிர் கையில் வெள்ளிக் காசு வைத்த பின்னரே வாய் திறப்பர் என்பது பிரசித்தம். இதிலொரு நியாயமுண்டு, முன்னரே கூலி பெற்றவள் முகஸ்துதி செய்ய வேண்டியதில்லை.

இனாமோ பலன் கேட்ட பின் நீட்டப்படுவது. "செல்வம் சேரும்" என்றவளுக்கு ஒரு நோட்டும், "செலவைச் சுருக்கு" என்றவளுக்கு வெறுங்கையுமாயின், அது இனாமன்று, இனிய சொல்லுக்கு விலை. ஆகவே, அழைத்த வீட்டுக்காரர் பேசிய கூலியைக் குறையாது தந்து, மேலும் தர விரும்பினால், உழைத்த நேரத்தைக் கருதி முடிவில் தாமே தருவது முறை. விருந்தினர் முன் உண்டியல் வைப்பது அழகன்று.

நிற்க. சொல்பவர் கூலியைப் பேசுகிறோம். எழுதியவர் கூலி யாது? இன்று உலகெங்கும் பரவியுள்ள கட்டு, 1909-இல் லண்டனில் ரைடர் கம்பெனி வெளியிட்டதாகும். வெயிட் என்பார் யோசனை கூற, 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. பெரிய வேலைக்கு மிகச் சொற்பக் கூலியே கிடைத்ததென்று அவ்வருஷமே அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1951-இல் வறுமையில் இறந்தார். அவ்வோவியங்கள் நெடுங்காலம் பதிப்பாளர் பெயராலும் வெயிட் பெயராலுமே வழங்கின.