பெரிய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் அதிர்வு அடங்கிய வரலாறு

ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உலுக்கலுக்கு மாற்று மருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொறியாளர்களுக்குத் தெரியும். எதிர்த் திசையில் சுழலும் எடையால் அதிர்வை அடக்கும் வழியை இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் அப்போதே கார் எஞ்சின்களில் செய்து காட்டிவிட்டார். ஆனால் கேடிஎம் போன்ற முன்னணி நிறுவனம் தன் 300 சிசி டூ-ஸ்ட்ரோக் என்டியூரோ பைக்கில் அப்படிச் சுழலும் எடையான பேலன்சர் தண்டைப் பொருத்தியது 2017 மாடலில்தான். இந்தத் தாமதத்தைத் தொழில்நுட்பத்தின் போதாமையாகப் பார்க்க முடியாது. பைக் எதற்காக ஓட்டப்பட்டது, எவ்வளவு நேரம் ஓட்டப்பட்டது என்பதில்தான் அதன் வேர் இருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் அதிர்வின் அளவு. 500 சிசி வகுப்பு டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்கான ஹோண்டா சிஆர்500ஆர் எஞ்சினின் போர் 89 மி.மீ., ஸ்ட்ரோக் 79 மி.மீ.; கொள்ளளவு 491 சிசி. பிஸ்டன், பின், வளையங்கள், கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து அரை கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் பிஸ்டன் மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும்போது எழும் முதன்மை விசை ஏறத்தாழ 7,800 நியூட்டன், அதாவது சுமார் 800 கிலோ எடைக்குச் சமம். அது நொடிக்கு 100 முறை மேலும் கீழும் இழுக்கிறது. இரட்டை வேகத்தில் வரும் இரண்டாம் நிலை விசை இதில் கால்பங்கு அளவே என்பதால் இங்கு அதை விட்டுவிடலாம்.

இதை அடக்கக் கிராங்கில் எதிர் எடை வைப்பது பழைய வழி. இதன் சிக்கல் நுட்பமானது. பிஸ்டன் நேர்கோட்டில் ஓடுகிறது. எதிர் எடையோ வட்டமாகச் சுழல்கிறது. பிஸ்டனின் எடை முழுவதையும் ஈடுகட்டினால் சிலிண்டர் அச்சில் உலுக்கல் ஓய்ந்து, அதே விசை குறுக்குவாட்டில் கிளம்பும். ஆகவே பாதியளவு ஈடுகட்டுவது வழக்கமானது. அப்போது மிஞ்சும் பாதி விசை, கிராங்குக்கு எதிர்த் திசையில் சுழலும் விசையாக நிற்கும். மேற்சொன்ன கணக்கில் அது சுமார் 400 கிலோ. இந்த விழுக்காட்டைக் கூட்டியும் குறைத்தும், பைக்கின் சட்டம் (ஃபிரேம்) எந்தத் திசை உலுக்கலைத் தாங்குமோ அந்தத் திசைக்கு அதைத் திருப்பிவிடலாம். எஞ்சினை வேறு சட்டத்துக்கு மாற்றினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். பழைய 500 எஞ்சினைப் புதிய அலுமினியச் சட்டத்தில் ஏற்றுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு கட்டும் உண்டு. அதன் கிராங்க் அறை வெறும் உறை அல்ல. பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தி மேலே தள்ளும் பம்பும் அதுவே. எதிர் எடைக்காகக் கிராங்கின் ஒரு பக்கத்தைக் குடைந்தால் அறையின் கொள்ளளவு கூடி, அழுத்தம் குறையும். எனவே பந்தய எஞ்சின்களில் குடைந்த துளைகளை இலேசான பொருளால் அடைத்தார்கள். எதிர்ப்பக்கம் டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத் துண்டுகளைப் பதித்தார்கள்.

1966இல் பால் பிரீட்ரிக்ஸ் சிஇசட் பைக்கில் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றதோடு அந்த வகுப்பில் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் ஆட்சி சரியத் தொடங்கியது. அதன்பின் கால் நூற்றாண்டு டூ-ஸ்ட்ரோக்கின் காலம். மைக்கோ 490, யமஹா ஒய்இசட்490, 1983இல் வந்த கவாசாகி கேஎக்ஸ்500, 1984இல் வந்த சிஆர்500ஆர் என்று வரிசை நீண்டது. ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். அந்த நேரத்துக்குக் கை மரத்தால் மரக்கட்டும். கூடுதல் தண்டு, பற்சக்கரம், பேரிங் ஆகியவற்றின் எடையைச் சுமக்க எந்த அணியும் விரும்பவில்லை.

பேலன்சர் அப்போது கைக்கு எட்டாத பொருள் அல்ல என்பதற்கு ஹோண்டாவே சாட்சி. 1970களின் இறுதியில் வந்த அதன் எக்ஸ்எல்250எஸ், எக்ஸ்எல்500எஸ் ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளில் பேலன்சர் இருந்தது. ரோடாக்ஸ் எஞ்சின் பூட்டிய ஏப்ரிலியா ஆர்எஸ்125 என்ற சிறிய டூ-ஸ்ட்ரோக் சாலை பைக்கிலும் இருந்தது. நூற்றிருபத்தைந்துக்குக் கிடைத்த சொகுசு ஐந்நூறுக்குக் கிடைக்கவில்லை! எடைக் கணக்கு ஒருபுறம் இருக்க, விற்பனை குன்றிவந்த வகுப்புக்குப் புது எஞ்சின் வடிக்க யார்தான் பணம் போடுவார்கள்? அமெரிக்காவின் 500 சிசி தேசியத் தொடர் 1993உடன் நின்றது. அதே ஆண்டு உலகப் பட்டம் ஹஸ்க்வர்னா ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஓடிய ஜாக்கி மார்ட்டென்ஸுக்குப் போனது.

எஞ்சினில் கிடைக்காத நிவாரணத்தை ஓட்டுநர்கள் ஹேண்டில்பாரில் தேடினார்கள். ரப்பர் வைத்த கிளாம்ப், மென்மையான கிரிப், பார் முனையில் எடை, குறுக்குக் கம்பி இல்லாத 28.6 மி.மீ. தடித்த பார் என்று சந்தை பெருகியது. இவற்றின் பலன் உண்மை. ஆனால் எல்லாமே விசை பிறந்த பிறகு செய்யும் வைத்தியம். இக்னிஷன் பக்கம் கனமான ஃப்ளைவீல் மாட்டுவதைப் பற்றி மட்டும் ஒரு குழப்பம் நிலவுகிறது. அது முறுக்குவிசையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, குறைந்த வேகத்தில் எஞ்சின் நின்றுவிடாமல் காக்கும். பிஸ்டனின் உலுக்கலை அது தொடுவதில்லை.

திருப்பம் மலைப்பாதையிலிருந்து வந்தது. 1995இல் தொடங்கிய ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் ரோடியோ, 2004இல் தொடங்கிய ருமேனியாவின் ரோமானியாக்ஸ் போன்ற கடும் என்டியூரோ போட்டிகளில் 300 சிசி டூ-ஸ்ட்ரோக் கோலோச்சியது. இங்கே ஓட்டம் மணிக்கணக்கில், ரோமானியாக்ஸில் நாள்கணக்கில். இலேசான பைக்கை விட ஓட்டுநரின் கை கடைசிவரை பிடிமானத்தோடு இருப்பது பெரிதானது. 72 மி.மீ. போரும் 72 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட கேடிஎம் 300இன் 2017 மாடல் எஞ்சினில் கிராங்குக்கு எதிராக, அதே வேகத்தில் சுழலும் ஒரே தண்டு வந்தது. பாதி ஈடுகட்டிய பின் மிஞ்சும் அந்த எதிர்ச்சுழல் விசையை அது நேராக வெட்டுகிறது. தண்டு கிராங்கின் அச்சிலிருந்து விலகி இருப்பதால் சிறு புரட்டுவிசை எஞ்சும். இரட்டைத் தண்டு வைத்தால் அதுவும் போகும், எடை கூடும். நடைமுறைக்கு ஒன்றே போதுமாக இருந்தது. அடுத்த ஆண்டு மாடலில் இத்தாலியின் பீட்டாவும் அதே வழிக்கு வந்தது.

சிஆர்500ஆர் 2001உடனும் கேஎக்ஸ்500 2004உடனும் பேலன்சரைக் காணாமலே உற்பத்தியிலிருந்து போயின. அவற்றை இன்றும் ஓட்டுபவர்கள் கடையில் கிடைக்கும் ஹேண்டில்பார் சாமான்களுக்குச் செலவு செய்யுமுன், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளும் ஹெட் ஸ்டேயும் உரிய இறுக்கத்தில் இருக்கின்றனவா, கிராங்க் கோணலின்றி ஓடுகிறதா, மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அழுத்திக் கோத்த கிராங்க் சற்றே முறுகினாலும் எத்தனை ரப்பர் வைத்தும் பயனில்லை.