இல்லத்துட் கிடந்த சிங்கம்

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் பொதிந்த சரளை மண்படைக்கு ‘இல்லம்’ என்று பெயர். களுகங்கைப் படுகையின் அந்த இல்லத்தில் மணிகளோடு விலங்கென்புகளும் குடியிருந்தன. கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் தேடித் தொகுத்தார். இன்று இத்தீவில் இல்லாத நீர்யானையும் காண்டாமிருகமும் வெளிப்பட்டன. குருவிட்டையிற் கிடைத்த இரு பற்களைக் கொண்டு 1939 இல் இலங்கைச் சிங்கத்துக்கு அவர் பெயரிட்டார்.

நீர்யானை இரவிற் கரையேறிப் புல் மேய்வது. சிங்கம் திறந்த வெளியில் வேட்டையாடுவது. ஆகவே, இன்றைய மழைநாட்டில் ஒருகாலம் புல்வெளியும் இருந்திருக்க வேண்டும். பனியூழியிற் கடல் தாழ்ந்தபோது பாக்குநீரிணை தரையாயிற்று; இந்தியாவிலிருந்து விலங்குகள் நடந்தே வரலாம்.

இரு பற்கள் தப்பியதாலேயே சிங்கத்தை அறிந்தோம். மணியைப் பொறுக்கியபின் கழிவோடு எறியப்படும் என்புகளையும் நூதனசாலையிற் சேர்ப்பது நம் கடன்.