மண்ணெண்ணெய்க் காரும் ஹைபிரிட் காரும்

நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் அவர்களின் பெயரோடு சேர்ந்து ஒலிக்கும் ஊர் அளவெட்டி. அவ்வூரிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர், அச்சிறு தூரமே நெடும் பயணமாயிற்று. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரம் அறுந்தது, பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மாத்திரம் சிறிதளவாகவும் ஆனைவிலையாகவும் கிடைத்தது.

நோயாளி ஒருவரை இரவில் ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டின், அக்காலத்தில் உதவியவை பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களுமே. அவற்றின் இயந்திரங்கள் அமுக்க விகிதம் தாழ்ந்தவை. ஆதலால் மண்ணெண்ணெயிலும் ஓடின. ஆயினும் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகவே சாரதி, தாம் பொன்போலப் போற்றி வைத்திருந்த போத்தலிலிருந்து சிறிது பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை இயக்கினார்; அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். வெண்புகை தெருவை மறைத்தது. வண்டியை நிறுத்துமுன் மீண்டும் சிறிது பெற்றோல் கொடுக்கவேண்டும். அதனை மறந்தால் காபுரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்தமுறை இயந்திரம் உயிர்பெறுவது அரிது. போகும் வழியிலேயே பெற்றோல் முழுவதையும் செலவிட்ட சாரதிக்குத் திரும்பும் வழி இல்லை. போத்தலில் எவ்வளவு உள்ளது என்பதை அறிவதினும், அதனை எவ்விடத்தில் செலவிடுவது என்பதை அறிவதே அக்காலச் சாரதியின் வித்தையாயிருந்தது.

வித்தை புதியதன்று. 1949இல் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகையொன்று இதே முறையில் பெற்றோலில் தொடங்கி மலிந்த எண்ணெயில் உழுதது. சாரதிகள் மாத்திரமன்றி இல்லங்களில் இருந்தோரும் இச்சிக்கனத்தைப் பயின்றனர். வலுவிழந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து, இன்னுங் கொஞ்சம் உயிர் வருமோ என்று பார்த்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலி கேட்டனர். செய்தி முடியுமுன் கை சோர்ந்தால் செய்தியுஞ் சோர்ந்தது.

ஒரே வண்டியில் இரு வலுக்களை வைத்து, ஒன்றை எங்கே செலவிடுவது, மற்றொன்றை எங்கே பேணுவது என்னும் வினா மோட்டார் வண்டியின் பிறப்போடு ஒட்டியது. 1900ஆம் ஆண்டு பாரிசுப் பெருங்காட்சியில், வியன்னா நகரத்து லோனர் நிறுவனத்தார் ஒரு மின்சாரக் காரை வைத்தனர். அதனை வகுத்தவர் பெர்டினன்ட் போர்ஷே என்னும் இளைஞர். மோட்டார்கள் சில்லுகளுக்குள்ளேயே அமைந்திருந்தன. ஆனால் ஈயப் பற்றரியின் பாரம் பெரிது. அது கொடுத்த தூரமோ சிறிது. எனவே போர்ஷே பெற்றோல் இயந்திரங்கள் இரண்டைச் சேர்த்து, அவற்றால் மின்சாரம் பிறப்பித்துச் சில்லுகளுக்கு அனுப்பினார். எஞ்சியது பற்றரிக்குச் சென்றது. ‘என்றும் உயிருள்ளது’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். எனினும் பாரமும் விலையும் அதன் ஆயுளைக் குறுக்கின. 1912இல் கடிலாக் காரில் மின்சார ஆரம்பி வந்ததும் கைச்சுழற்றியின் தொல்லை அகன்றது. பெற்றோல் கார் உலகை வென்றது. வண்டியை இழுக்க வந்த பற்றரி, இயந்திரத்தை எழுப்பும் ஏவலாளாகி எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

1997 டிசம்பரில் யப்பானில் ரொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தபோது அந்த ஏவலாள் மீண்டும் பங்காளியானான். பிரியசின் சாரதி எதனையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. கணினியே கணக்குப் பார்த்தது. 2013இல் வந்த மிற்சுபிசி அவுட்லாண்டரின் பிளக்-இன் வகையோ வீட்டு மின்சாரத்தாலும் ஏற்றக்கூடியது. அதன் பற்றரி 12 கிலோவாற்று மணி கொள்ளும். ‘பேணுக’, ‘ஏற்றுக’ என்னும் பொருளில் இரு பொத்தான்களும் அதில் இருந்தன. தீர்மானம் மீண்டும் சாரதியின் கைக்கு வந்தது. அக்காலத்தில் இலங்கையில் ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை இருந்தமையால் இத்தகையன தெருக்களிற் பெருகின. கிளிநொச்சியிலிருந்து அளவெட்டிக்கு அயலூரான சுன்னாகத்துக்கு மின்மார்க்கம் வந்து, குடாநாடு தேசிய மின்வலையோடு மறுபடி இணைந்ததும் அதே 2013இலேதான்.

அத்தகைய கார் ஒன்று இரவு முழுவதும் ஏற்றப்பட்டு, விடியலில் அளவெட்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பற்றரி மாத்திரம் கொடுப்பது 40 கிலோமீற்றர் அளவு. மின்சாரம் மலிவென்று அதனையே முதலிற் செலவிடுவது மனித இயல்பு. அவ்வாறு செய்தால் யானையிறவைக் காணுமுன் பற்றரி இறங்கிவிடும். இறங்கினாலும் முற்றாக வெறுமையாகாது. பற்றரியின் நலங்கருதிக் கணினி ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைக்கும். அதன்பின் கார் சாதாரண ஹைபிரிட்டாக ஓடும். பழுதொன்றுமில்லை, ஆனால் பத்திலொரு பங்கு மின்சாரம் தகாத இடத்திற் போயிற்று. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடும் நெடுந்தெருவில் பெற்றோல் இயந்திரம் சிக்கனமாகவே உழைக்கும். அது வீணடிப்பது பேலியகொடையின் நெரிசலில், நின்று நின்று ஊரும்போது. மின்சாரம் வேண்டப்படுவதும் அங்கேயே. ஆகவே நெடுந்தெருவில் ஏறியதும் ‘பேணுக’ என்பதை அழுத்தி, நீர்கொழும்பை அணுகும்போது விடுவிப்பதே முறை.

ஓடும்போதே இயந்திரத்தால் பற்றரியை நிரப்பலாமே என்று கேட்பாருமுண்டு. நிரப்பலாம்; ஆனால் குடத்துக்குக் குடம் மாற்றும் நீர் ஒவ்வொரு முறையும் சிந்துவதுபோல, பெற்றோல் மின்சாரமாகி, பற்றரியிற் புகுந்து, மீண்டும் மோட்டாருக்கு வரும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு வெப்பமாய்ப் போகும்.

மலைநாட்டில் கணக்கு வேறு. மாத்தளை வழியே கண்டிக்கு ஏறுவோர் ஏற்றத்துக்கென்று சிறிது மின்சாரத்தை வைத்திருத்தல் வேண்டும். இல்லையேல் இயந்திரம் தனியே அலறும். இறக்கத்திலோ மோட்டார் மின்பிறப்பாக்கியாகித் தானே பற்றரியை நிரப்பும். நுவரெலியாவில் இரவு முழுவதும் ஏற்றி, நிறைந்த பற்றரியோடு காலையில் இறங்குபவர் அந்த இலவச மின்சாரத்துக்கு இடமில்லாமற் செய்கிறார்; அது பிறேக்குகளிற் சூடாகி வீணாகிறது. நிரப்பாமல் விடுவதும் சில இடங்களில் சேமிப்பே என்பதைப் பலர் எளிதில் நம்புவதில்லை.

2022ஆம் ஆண்டு இக்கணக்குகள் அனைத்தும் கடினமாயின. நாட்டிடம் அந்நியச் செலாவணி தீர்ந்தது. மார்ச் 31ஆந் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. யூலையில் வந்த எரிபொருள் அட்டை முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினர். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்று கொண்டாலும் 300 கிலோமீற்றரோடு பெற்றோல் முடியும். பற்றரியின் 40 சேர்ந்தும் கொழும்பு எட்டாது. வடக்கே இருந்தவர் ஒரு வாரப் பங்கைச் சேர்த்துவைத்து, மின்வெட்டின் இடைவெளியில் நான்கைந்து மணித்தியாலம் ஏற்றிப் புறப்பட வேண்டியதாயிற்று. முன்போல மண்ணெண்ணெய்க்குத் திரும்பவும் வழியில்லை. இக்கால இயந்திரங்கள் அதனை ஏற்கா. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடபகுதி மீனவரின் வள்ளங்களே கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று.